முதற் கருவி

பூந்தமல்லிக்கு மேற்கே உள்ளது திருமழிசை. ஆழ்வார் பன்னிருவருள் ஒருவராகிய திருமழிசையாழ்வார் பிறந்த ஊர் இதுவே. அவரை எடுத்து வளர்த்த திருவாளன் என்பவர் பிரம்பறுக்கும் தொழிலினர் என்று வைணவ மரபு கூறும். பிரம்பைப் பிளப்பதற்குக் கூரிய கத்தி வேண்டும். மழுங்கிய கத்தி வழுக்கிப் பிரம்பையும் கெடுக்கும், கையையும் புண்படுத்தும்.

அத்தகைய கைத்தொழிலாளரின் நினைவைத் தாங்கிய இவ்வூரில் இன்று தொழிற்பேட்டை ஒன்று இயங்குகின்றது. அண்மையிலுள்ள அம்பத்தூரிலோ 1964 ஆம் ஆண்டிலேயே தொழிற்பேட்டை தோன்றிவிட்டது. இத்தகைய இடங்களில் தொழில் புரிய விரும்பும் சிறுவனுக்கு முதன்முதலில் எத்தகைய கருவிகளை வாங்கித் தருதல் வேண்டும்?

‘கற்பவனுக்கு மலிவானவையே போதும்’ என்பர் பலர். இது பொருந்தாது. கைதேர்ந்த தச்சர் கருவியின் குற்றத்தைக் கண்டவுடன் அறிவார். அதனைச் செப்பஞ் செய்துகொள்வார். கற்கும் சிறுவனோ கருவியின் குற்றத்தைத் தன் கையின் குற்றமாகவே கருதுவான். ‘எனக்கு இத்தொழில் வாராது’ என்று உளஞ் சோர்வான். ஆதலின், வல்லவரினும் கற்பவனுக்கே நல்ல கருவி மிகுதியும் வேண்டும்.

சுத்தியலின் தலை, எஃகைக் காய்ச்சி அடித்து உருவாக்கியதாதல் வேண்டும். வார்ப்பிரும்புத் தலை உடைந்து சிதறிக் கண்ணுக்கு ஊறு செய்யக்கூடும். மரக் கைப்பிடியின் இழைகள் நீளவாட்டில் ஓடவேண்டும். குறுக்கே ஓடின் பிடி ஒடியும். சிறுவன் கைக்குக் கால் கிலோ எடையுள்ள தலையே போதும். திருப்புளியின் முனை திருகாணியின் பள்ளத்தில் ஆடாமற் பொருந்தவேண்டும். குறட்டின் வாயை மூடி வெளிச்சத்திற்கு நேரே பிடித்தால், வெட்டும் விளிம்புகளின் இடையே ஒளி புகலாகாது.

மூலைமட்டத்தைச் சோதிப்பதும் எளிதே. நேரான விளிம்புள்ள பலகையில் அதனை வைத்துக் கோடு ஒன்று வரைக. பின்பு அதனைப் புரட்டி வைத்து, அதே புள்ளியிலிருந்து மற்றொரு கோடு வரைக. இரண்டும் ஒன்றாகப் பொருந்தினால் மட்டம் செவ்விது. விலகினால் அது பிழையுடையது.

பெட்டி நிறையத் தாழ்ந்த கருவிகளை வாங்குவதினும், இந்நான்கையும் நல்லனவாக வாங்குதலே சிறப்பு. ஏனையவற்றை வேலை வேண்டும்போது ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

நல்ல கருவியும் பேணாவிடிற் கெடும். வேலை முடிந்ததும் ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தடவி வைத்தல் வேண்டும். ஆயுத பூசையன்று மட்டும் சந்தனமிட்டு வணங்கினாற் போதாது. நாள்தோறும் துடைத்து வைப்பதே கருவிக்குச் செய்யும் உண்மை வழிபாடாகும்.