பாத்தா, பேட்டையா?

காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில் நின்று, "வாலாஜா போகுமா?" என்று கேட்டுப் பாருங்கள். நேரான பதில் கிடைக்காது. "எந்த வாலாஜா? பாத்தா, பேட்டையா?" என்று எதிர்க்கேள்விதான் வரும்.

கேட்பதில் நியாயம் உண்டு. வாலாஜாபாத் காஞ்சிக்குக் கிழக்கே, செங்கற்பட்டுக்குப் போகும் வழியில் சுமார் 15 கிலோ மீட்டரில் இருக்கிறது. வாலாஜாபேட்டையோ மேற்கே, ராணிப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கல்யாணத்துக்குப் புறப்பட்டவர் பஸ் மாறி ஏறிவிட்டால், கடைசிப் பந்தியும் எழுந்த பிறகுதான் போய்ச் சேருவார்!

குழப்பம் இதோடு தீரவில்லை. "வாலாஜா ரோடு" என்று ஒரு ரெயில் நிலையம் உண்டு. அது பேட்டைக்காரர்களுடையது. 1856-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி ராயபுரத்தில் புறப்பட்ட தென்னாட்டின் முதல் பயணி ரெயில் போய் நின்ற இடமும் அந்த வாலாஜாதான். பாத்காரர்கள் அந்தப் பெருமையில் பங்கு கேட்க முடியாது. அவர்களுடைய ஸ்டேஷன் செங்கற்பட்டு - அரக்கோணம் பாதையில் அடக்கமாக இருக்கிறது. சென்னையில் சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தை ஒட்டி வேறு ஒரு வாலாஜா சாலை ஓடுகிறது.

இன்னொரு வேடிக்கை. வண்டலூர் - வாலாஜாபாத் சாலையின் பெயர் இன்று ஆயிரக்கணக்கானவர்கள் நாவில் புரள்கிறது. ஒரகடத்து மோட்டார் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுதான் வழி. ஆனால் அந்தச் சாலையின் கடைசிவரை போய் ஊரை எட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், கைவிரல் போதும் என்பார்கள் உள்ளூர்வாசிகள்.

கடன்கார நவாபு

இத்தனைக்கும் காரணம் ஒரே மனிதர். ஆற்காட்டு நவாபு முகமது அலி. "வாலாஜா" என்பது அவருக்குக் கிடைத்த பட்டம். உயர்ந்த பதவி உடையவர் என்று பொருள். "ஆபாத்" என்றால் பாரசீக மொழியில் குடியிருப்பு. வாலாஜாவும் ஆபாத்தும் சேர்ந்து வாலாஜாபாத் ஆயிற்று.

பட்டம் உயர்ந்தது போலவே நவாபின் கடனும் உயர்ந்தது. கும்பினிக்காரர்களிடம் அவர் வாங்கிக் குவித்த கடன் கடல் தாண்டிப் பேசப்பட்டது. 1785-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் எட்மண்டு பர்க் அந்தக் கடன் விவகாரத்தை எடுத்துக்கொண்டு நெடுநேரம் முழங்கினார். 1795-ல் நவாபு மறைந்தார். ஆட்சி போயிற்று. ஊர்ப் பெயரை மட்டும் எந்தக் கடன்காரரும் ஜப்தி செய்யவில்லை!

இங்கே கும்பினிப் பட்டாளம் கூடாரம் அடித்தது. பெரிய பாளையமாக இருந்த இடம். ஆனால் சிப்பாய்களுக்கும் வெள்ளைக்காரத் துரைகளுக்கும் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. நோய்க்குப் பேர்போன பாளையம் என்று பெயர் வாங்கி, கடைசியில் பட்டாளம் கலைந்தது. காஞ்சியைச் சுற்றி நடந்த சண்டைகளில் பிழைத்தவர்களைக் காய்ச்சல் வந்து கொண்டுபோயிற்று.

துரைகள் மருந்துக்குத் தவித்த அந்தப் பாளையத்திலிருந்து சில கிலோ மீட்டர் தூரத்தில், எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஆஸ்பத்திரி நடந்திருக்கிறது.

15 படுக்கை ஆஸ்பத்திரி

வாலாஜாபாத்திலிருந்து செங்கற்பட்டுச் சாலையில் போனால் பழையசீவரம் வரும். அங்கே பாலாற்றைக் கடந்தால் எதிர்க்கரையில் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடம். அதனால் அந்தப் பெயர். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோவில் சுவரில் நீளமான கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வீரராஜேந்திர சோழன் காலத்தது. கி.பி. 1068 வாக்கில் வெட்டியது.

கோவில் கல்வெட்டு என்றால் நிலதானம், நந்தாவிளக்கு என்று இருக்கும் என்பதுதான் வழக்கமான எண்ணம். இதில் இருப்பதோ ஓர் ஆஸ்பத்திரியின் வரவு செலவுத் திட்டம்! "ஆதுலர் சாலை" என்கிறது கல்வெட்டு. ஆதுலர் என்றால் நோயாளிகள். ஆஸ்பத்திரியின் பெயர் வீரசோழன். படுக்கை 15.

ஒரு வைத்தியர். அவருக்கு ஆண்டுச் சம்பளம் 90 கலம் நெல்லும் 8 காசும். கத்தி எடுத்து ரணசிகிச்சை செய்பவர் ஒருவர். அவருக்கு 30 கலம் நெல். மருந்துக்குப் பச்சிலையும் விறகும் கொண்டுவர இரண்டு பேர். நோயாளிகளைக் கவனித்துக்கொள்ள இரண்டு பெண்கள். இந்தக் காலத்து நர்சுகள் என்றே சொல்லலாம். நாவிதர் ஒருவர், தண்ணீர் கொண்டுவர ஒருவர். படுத்திருக்கும் நோயாளிக்கு நாள் ஒன்றுக்கு ஒரு நாழி அரிசி. இரவெல்லாம் எரிய விளக்கு. ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய லேகியம், தைலம், நெய் வகைகளின் பெயர்களும் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. தசமூல ஹரீதகி, வில்வாதி கிருதம் என்று அதில் வரும் பெயர்களை இன்றைய ஆயுர்வேத வைத்தியர்களிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள்.

எண்ணிப் பாருங்கள். அரசன் பெயரில் நடந்த தர்மம்தான். ஆனாலும் நோயாளியின் அரிசி இவ்வளவு, விளக்கெண்ணெய் இவ்வளவு என்று கல்லில் எழுதி வைத்தால், நாளை ஒரு கணக்குப்பிள்ளை அதில் கைவைக்க முடியுமா? ஊரார் கண்ணெதிரே அளவு இருக்கிறதே!

சனிக்கிழமை எண்ணெய்

அதே இடத்தில் வேதம், இலக்கணம் படிக்கும் மாணவர்களுக்கு விடுதியும் நடந்தது. அவர்களுக்குச் சோறு, படுக்கப் பாய் எல்லாம் கணக்கில் உண்டு. சனிக்கிழமை தோறும் தலைக்கு எண்ணெயும் உண்டு. அதிலும் ஒரு வேடிக்கை. ஆண்டுக்கு 51 சனிக்கிழமை என்று எழுதியிருக்கிறது. 52 அல்லவா வரவேண்டும்? ஆண்டுக்கு 360 நாள் என்று கணக்கு வைத்தால் 51-தான் வரும். ஒரு வார எண்ணெய் மிச்சம் பிடித்த கணக்குப்பிள்ளையின் சாமர்த்தியம் என்று மாணவர்கள் முணுமுணுத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

படிக்கிற பிள்ளைக்கு முதலில் சோறு போட வேண்டும் என்ற எண்ணம் இந்த ஆற்றங்கரைக்குப் புதிதல்ல. இதே பாலாற்றின் தென்கரையில் நெய்யாடுபாக்கம் என்று ஒரு கிராமம் இருக்கிறது. 1912-ல் அங்கே பிறந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. பெயருக்கு முன்னால் உள்ள "நெ" அந்த ஊர்தான். காமராஜர் முதன் மந்திரியாக இருந்தபோது கல்வித் துறை இயக்குநராக இருந்து, 1956-ல் பள்ளிக்கூடங்களில் மதிய உணவுத் திட்டம் வேரூன்றப் பாடுபட்டவர் அவர். பிற்காலத்தில் சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தரும் ஆனார்.

நெய்யாடுபாக்கம், அவளூர், அங்கம்பாக்கம் போன்ற தென்கரை ஊர்களுக்கு வாலாஜாபாத்துதான் டவுன். கடை கண்ணி, ஆஸ்பத்திரி, மேல்படிப்பு, பஸ், ரெயில் எல்லாம் வடகரையில். நடுவே ஆறு. வருஷத்தில் பெரும்பகுதி அது வெறும் மணல்வெளி. ஆடு மேயும். தண்ணீர் மேலே ஓடாது, மணலுக்கு அடியில் ஓடும். அதைக் குழாய்க் கிணறுகள் உறிஞ்சி வெளியூர்களுக்கு அனுப்பும். ஊர்க்காரர்களுக்கு ஆறு இருப்பதே மறந்துபோகும்.

ஆறு மறக்காது. 2021 நவம்பரில் பெருமழை கொட்டிப் பாலாறு இரு கரையும் தொட்டு வந்தது. வாலாஜாபாத்தையும் அவளூரையும் இணைக்கும் தரைப்பாலம் உடைபட்டது. கண்ணுக்கு எதிரே தெரிகிற டவுனுக்குப் போக, காஞ்சிபுரம் பக்கமாகவோ திருமுக்கூடல் பக்கமாகவோ சுற்றிக்கொண்டு போகவேண்டிய நிலைமை. பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கும் பிரசவத்துக்குப் போகும் பெண்ணுக்கும் அந்தச் சுற்றுவழி எத்தனை நீளமாக இருந்திருக்கும் என்று தென்கரையில் பெண் கொடுத்தவர்களைக் கேட்டால் தெரியும்.

ஆற்றங்கரையில் ஐந்து பெருமாள்

மனிதர்கள் மட்டுமா? காஞ்சி வரதராஜப் பெருமாளும் ஆண்டுக்கு ஒரு முறை இந்த வழியாக வந்து ஆற்றைக் கடக்கிறார். பொங்கலுக்கு மறுநாள், மாட்டுப் பொங்கலன்று பார்வேட்டை உற்சவம். கோவிலை விட்டுப் புறப்பட்டு, நெசவாளர்கள் வாழும் முத்தியால்பேட்டை, அய்யம்பேட்டை வழியாக வாலாஜாபாத் வருகிறார். அன்று தறிச் சத்தம் கேட்காது. வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுத் தேங்காய் பழத்துடன் காத்திருப்பார்கள். மறு நாளுக்கான பாவு அப்படியே கிடக்கும்.

பழையசீவரம் மலைமேல் சிறிது நேரம் தங்கி, மாலையில் திருமுக்கூடல் போகிறார். அங்கே பழையசீவரம் லட்சுமி நரசிம்மர், காவாந்தண்டலம் லட்சுமி நாராயணர், சாலவாக்கம் சீனிவாசர் ஆகியோரும் வந்து சேருகிறார்கள். திருமுக்கூடல் பெருமாளோடு ஐந்து பேர். சுற்று வட்டாரத்து ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்த காலம் போய், இப்போது மோட்டார் சைக்கிளிலும் வேனிலும் வந்து குவிகிறார்கள். பலூன், வளையல், கரும்பு, பொரி என்று கடைகள் நிறைந்துவிடும்.

ஆஸ்பத்திரிக் கல்வெட்டு உள்ள சுவர் அந்தக் கூட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நின்று பார்க்கிறவர்கள் அதிகம் இல்லை. சாமி பார்த்த கையோடு பிள்ளைகள் பலூனுக்கு அடம் பிடிக்கிறார்கள். பெரியவர்களுக்குக் கடைசி பஸ் கவலை. இரவு வரதர் மறுபடியும் வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிக்குத் திரும்புகிறார்.