கால் ஏன் மறுபடியும் பிசகுகிறது?

கைப்பந்து ஆட்டத்தில் எழும்பி அடித்துவிட்டு இறங்கும் ஆட்டக்காரர், மற்றொருவரின் பாதத்தின் மேல் காலை வைத்துவிடுகிறார். பாதம் உட்புறமாக மடங்கிச் சுளுக்கிக்கொள்கிறது. சில வாரங்களில் வீக்கம் வடிகிறது, வலியும் போய்விடுகிறது. ஆனால் அடுத்த மாதம் சமதரையில் ஓடும்போதே அதே கால் மீண்டும் மடங்குகிறது. ஆறிவிட்ட கால் இப்படிக் காலை வாரிவிடுவது ஏன்?

நீங்கள் வகுப்பில் படித்த திருப்புத்திறனை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 50 கிலோகிராம் நிறையுள்ளவர் குதித்து இறங்கும்போது, தரை அவர் காலை 1000 நியூட்டன் விசையுடன் மேலே தள்ளுவதாகக் கொள்வோம். இவ்விசை மூட்டின் அச்சு வழியே சென்றால் திருப்பம் ஏதுமில்லை. அச்சிலிருந்து 3 சென்டிமீட்டர் உட்புறமாக விலகிச் சென்றால்? 1000 × 0.03 = 30 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் பாதத்தை உட்புறமாகத் திருகும். அப்போது இழுபடுபவை, வெளிப்புறக் கணுவைப் பாதத்தோடு பிணைக்கும் தசைநார்கள். அவற்றுள் முன்புறம் உள்ளதே வலிமை குறைந்தது. பெரும்பாலும் முதலில் கிழிவதும் அதுவே.

இதைத் தடுக்க, கெண்டைக்காலின் வெளிப்புறத் தசைகள் பாதத்தை எதிர்ப்புறம் இழுக்க வேண்டும். ஆனால் காலம் போதுமா? தரையைத் தொட்ட ஏறத்தாழ 1/20 விநாடிக்குள் நார் கிழிந்துவிடலாம். 'பாதம் மடங்குகிறது' என்ற செய்தி தண்டுவடத்துக்குச் சென்று, ஆணை திரும்பி வந்து, தசை விழித்துக்கொள்ளவே அதைவிட அதிக நேரம் ஆகும். எனவே பாதத்தைச் சரியாக வைப்பதும், தசைகளை முறுக்கேற்றுவதும் தரையைத் தொடுமுன்பே நடந்தாக வேண்டும். அதற்கு, பாதம் எந்த நிலையில் இருக்கிறது என்பது மூளைக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? தோல், தசை, தசைநார் ஆகியவற்றில் உள்ள உணர்முனைகளே இச்செய்தியை அனுப்புகின்றன.

1965ஆம் ஆண்டில் மைக்கேல் ஃப்ரீமன் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஒரு கருத்தை வெளியிட்டார். நார் கிழியும்போது அதிலுள்ள உணர்முனைகளும் சேதமடைகின்றன; அதனால்தான் கால் தடுமாறுகிறது என்றார் அவர். தள்ளாடும் பலகைமேல் நின்று பழகுவதை இதற்குச் சிகிச்சையாகவும் கையாண்டார். சிலருக்கு நார் தளர்ந்திருக்கும். சிலருக்கு நார் உறுதியாயிருந்தும் மூளையின் கட்டுப்பாடு மாறியிருக்கும். சிலருக்கு இரண்டும் உண்டு என்று இன்று அறிகிறோம்.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். சுவரருகே ஒற்றைக் காலில் நில்லுங்கள். கணுக்காலைச் சுற்றி நரம்புபோல் புடைத்த தசைநாண்கள் ஓயாமல் ஆடுவதைக் காண்பீர்கள். கண்களை மூடுங்கள், ஆட்டம் அதிகரிக்கும். கண் தந்த உதவி நின்றுவிட்டதால், பாதத்தின் செய்திகளையே அதிகம் நம்ப வேண்டியிருக்கிறது.

சிகிச்சையும் இந்த வழியிலேயே செல்கிறது. முதலில் மூட்டின் அசைவை மீட்க வேண்டும். அடுத்து, ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி வெளிப்புறமாக இழுத்துத் தசைக்கு வலுவூட்ட வேண்டும். பின்பு ஒற்றைக் கால் நிலை, தள்ளாடும் பலகை, தாவி இறங்குதல், திசை மாறி ஓடுதல் எனப் படிப்படியாக முன்னேற வேண்டும். இதற்குப் பல வாரங்கள் ஆகும். விளையாடும்போது கணுக்கால் பட்டை அணிவதும் உதவும். பயிற்சியால் தீராத சிலருக்கே அறுவை தேவைப்படும்.

சுளுக்கியவுடன் அழுத்தித் தேய்ப்பதாலோ, இழுத்துவிடுவதாலோ கிழிந்த நார் ஒட்டிக்கொள்ளாது. நான்கு அடிகூட நடக்க முடியாவிட்டால் எலும்பு முறிந்திருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்பப் பிசகினால் மூட்டின் குருத்தெலும்பும் தேயத் தொடங்கும்.

உங்கள் நண்பர் யாருக்கேனும் கால் சுளுக்கியிருந்தால், வீக்கம் வடிந்ததை மட்டும் பார்த்து அவரை ஆடுகளத்துக்கு அழைக்காதீர்கள். அடிபட்ட காலில் மற்றக் காலைப் போலவே அசையாமல் நிற்கவும், தாவி இறங்கவும் முடிகிறதா என்று பார்த்துவிட்டு அழையுங்கள்.