சா பூ த்ரீ! பெரியவர்கள் தள்ளி நில்லுங்கள்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டது. கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம் பக்கத்துத் தெருக்களில் வெயில் ஏறும் முன்பே பிள்ளைகள் கூடிவிடுகிறார்கள். ஐஸ் பாயா, கிட்டியா, கிரிக்கெட்டா என்பதெல்லாம் பிறகு. யார் பிடிப்பது, யாருக்கு முதல் பேட்டிங்? முதல் வழக்கு இதுதான். கைகள் நடுவில் குவிகின்றன. "சா... பூ... த்ரீ!" சில உள்ளங்கைகள் வானம் பார்க்கின்றன, சில தரை பார்க்கின்றன. "நான் பழம்!" என்று ஒருவன் துள்ளிக்கொண்டு வெளியே வருகிறான். கடைசியில் மாட்டியவன் முனகிக்கொண்டே சுவரில் முகம் புதைத்து எண்ண ஆரம்பிக்கிறான். அரை நிமிடத்தில் வழக்கு முடிந்தது.

கல், காகிதம், கத்தரியும் இதே குடும்பத்து ஆட்டம்தான். விடுமுறைக்கு அதில் என்னென்ன புது வகைகளைச் சொல்லிக் கொடுக்கலாம் என்று பார்ப்போம். அதற்கு முன் ஒரு கணக்கு.

பத்துப் பேர் சேர்ந்தால்

கல், காகிதம், கத்தரி இரண்டு பேருக்கு அளந்து தைத்த ஆட்டம். மூன்றில் ஒரு முறைதான் சமன் ஆகும். நாலு பேர் ஒரே நேரத்தில் கை காட்டினால் ஏறக்குறைய பாதி முறை முடிவே வராது. பத்துப் பேர் காட்டினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை வீண். மூன்று வகைக் கையும் கலந்து வந்துவிடும். யார் யாரை வென்றார் என்று சொல்ல முடியாது.

நம் சா பூ த்ரீயில் இருப்பது இரண்டே கை. மூன்று பேர் காட்டினால் நாலில் மூன்று முறை ஒருவர் தனித்து நிற்பார். பத்துப் பேர் நின்று, குறைவான பக்கம் வந்தவர்கள் பழம் என்று வைத்துக்கொண்டால், அப்போதும் நாலில் மூன்று முறை யாராவது வெளியேறிவிடுவார்கள். கடைசி இரண்டு பேருக்கு, ஏற்கெனவே பழமான ஒருவன் துணைக்கை கொடுப்பான். இந்தக் கணக்கை நம் பிள்ளைகளுக்கு எந்த வாத்தியாரும் நடத்தவில்லை. ஆடி ஆடித் தெருவே கண்டுகொண்ட முறை இது. கூட்டம் பெரிதாக இருந்தால் சா பூ த்ரீ, இரண்டு பேர் மிஞ்சினால் கல், காகிதம், கத்தரி என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எறும்பு யானையை வெல்லும்

மூன்று பொருள், ஒவ்வொன்றும் ஒன்றை வெல்ல வேண்டும், ஒன்றிடம் தோற்க வேண்டும். இந்த ஒரே விதியை வைத்துக்கொண்டு ஊருக்கு ஊர் வேறு வேறு ஆட்டம் செய்திருக்கிறார்கள். ஜப்பானின் பழைய ஆட்டமொன்றில் பாம்பு தவளையைத் தின்னும், தவளை நத்தையைத் தின்னும், ஓடில்லாத அந்த நத்தை பாம்பைக் கரைத்துவிடும். மலேசியாவில் பறவை, கல், தண்ணீர். பறவை தண்ணீரைக் குடிக்கும், கல் பறவையை அடிக்கும், தண்ணீர் கல்லை மூழ்கடிக்கும்.

கம்பம் பள்ளத்தாக்குக்கு ரொம்பப் பொருத்தம் இந்தோனேசியப் பிள்ளைகளின் ஆட்டம்தான். கட்டைவிரல் யானை, ஆள்காட்டி விரல் மனிதன், சுண்டுவிரல் எறும்பு. யானை மனிதனை வெல்லும், மனிதன் எறும்பை நசுக்குவான், எறும்பு யானையின் காதுக்குள் புகுந்து ஆட்டி வைக்கும். 2023 மே மாதம் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் நகரத் தெருக்களில் நடந்ததைக் கண்ட ஊர்ப் பிள்ளைகளுக்கு, யானை மனிதனை வெல்லும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

நம் ஊருக்கென்று ஒன்று செய்யலாமே? என் யோசனை: மழை, குடை, காற்று. குடை மழையைத் தடுக்கும். காற்று குடையைப் புரட்டிவிடும். மழை விழுந்தால் காற்று அடங்கும். விரல்களைக் கீழே தொங்கவிட்டால் மழை, உள்ளங்கையைக் கவிழ்த்துக் குவித்தால் குடை, கையை வீசினால் காற்று. கம்பம் கணவாய் வழியே ஆடியில் அடிக்கும் காற்றில் குடையைப் பறிகொடுக்காத வீடு தேனி மாவட்டத்தில் உண்டா? இதைவிட நல்லதாகப் பிள்ளைகளே மூன்று பொருள் கண்டுபிடிப்பார்கள். சுற்று சரியாக முடிகிறதா என்று மட்டும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

ரயில் வருது

தோற்றவர் வெளியே போகாத ஆட்டம் வேண்டுமா? ஜப்பானில் மழலைப் பள்ளிகளில் ஆடும் ரயில் ஆட்டம் அப்படிப்பட்டது. இரண்டிரண்டு பேராக மோத வேண்டும். தோற்றவர் வென்றவரின் தோளைப் பிடித்துக்கொண்டு பின்பெட்டியாகச் சேர வேண்டும். பிறகு எஞ்சின்கள் தங்களுக்குள் மோதும். 32 பிள்ளைகள் இருந்தால் ஐந்தே சுற்றில் எல்லோரும் ஒரே ரயில். தோற்றவர்களும் கடைசிவரை கூச்சல் போட்டுக்கொண்டே ஓடுவார்கள். மதுரை - போடி மீட்டர் கேஜ் ரயில் 2010 முடிந்த கையோடு நின்று, அகலப் பாதையில் 2022 மே மாதம் தேனிக்கும் 2023 ஜூனில் போடிக்கும் திரும்பி வந்த வட்டாரம் இது. ரயிலே பார்க்காமல் பத்து வருடப் பிள்ளைகள் வளர்ந்த ஊரில் இந்த ஆட்டம் பிடித்துப்போகாமல் இருக்காது.

படிக்கட்டு ஆட்டம் இன்னொன்று. பள்ளிக்கூட மாடிப்படி போதும். வென்றவர், தான் காட்டிய பொருளின் பெயரில் எத்தனை எழுத்தோ அத்தனை படி ஏற வேண்டும். கல்லுக்கு 2, காகிதத்துக்கு 4, கத்தரிக்கு 4. இங்கேதான் மூளைக்கு வேலை. கத்தரி வென்றால் 4 படி, தோற்றால் எதிராளிக்கு 2 படிதான் என்பதால் எல்லோரும் கத்தரிக்கே ஓடுவார்கள். அதை உடைக்கக் கல் வரும். ஐந்து முறைக்குக் கல் 2, கத்தரி 2, காகிதம் 1 என்ற அளவில், எது எப்போது வரும் என்று தெரியாதபடி கலந்து காட்டுபவரை யாரும் சராசரியில் முந்த முடியாது. ரொம்பக் குறைந்த படி தரும் கல்லைத்தான் காகிதத்தைப் போல இரண்டு மடங்கு காட்ட வேண்டியிருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட நல்ல கணக்குப் பாடம் இல்லை.

சின்னப் பிள்ளைகளுக்குக் காலாலேயே ஆடும் வகை. குதித்து நிற்கும்போது கால்கள் சேர்ந்திருந்தால் கல், அகன்றிருந்தால் காகிதம், ஒன்று முன்னே ஒன்று பின்னே என்றால் கத்தரி. அப்புறம் தோற்கும் ஆட்டம். முன்னால் நிற்பவர் காட்டிய கையிடம் வேண்டுமென்றே தோற்கிற கையை உடனே காட்ட வேண்டும். செய்து பாருங்கள்; ஜெயிக்கப் பழகிய கை சொன்ன பேச்சுக் கேட்காது.

விசில் யார் கையில்?

இத்தனை வகையையும் எழுதிவிட்டேன். ஆனால் எனக்குள்ள கவலை வகைகளைப் பற்றியது அல்ல. இந்த ஆட்டங்களைப் பிள்ளைகள் கையிலிருந்து பெரியவர்கள் வாங்கிக்கொள்கிறோமே, அதைப் பற்றியது.

கம்பம் பள்ளத்தாக்கில் எத்தனையோ வீடுகளில் அம்மாக்கள் விடியும் முன்பே ஜீப் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புகிறார்கள். நடுவில் உள்ள அத்தனை மணி நேரமும் பிள்ளைகளின் சண்டையைப் பிள்ளைகளே தீர்த்து வந்தார்கள். கையைத் தாமதமாகக் காட்டினால் "கள்ளாட்டை" என்று ஊரே கூவும். குட்டித் தம்பியை அவுட் ஆக்காமல் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். பணக்கார வீட்டுப் பையனுக்கும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் கை ஒன்றுதான். தோற்றால் ஒத்துக்கொள்ள வேண்டும், அடுத்த ஆட்டத்துக்கு வர வேண்டும். ஜனநாயகத்தின் முதல் வகுப்பு இதுதான்.

இன்று கோடை முகாமில் ஒருவர் விசிலோடு நிற்கிறார். யார் முதல் என்று அவர் சொல்கிறார். வீட்டில் இரண்டு பிள்ளைகள் ரிமோட்டுக்குச் சண்டை போட்டால் மூன்றாவது வாக்கியம் வருவதற்குள் நாம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். இல்லையென்றால் ஆளுக்கொரு செல்போன். அதில் கையே நீட்ட வேண்டாம், மெஷின் முடிவு செய்யும். தெருவில் வண்டிகள் பெருகிவிட்டன, முகாமில் விட்டால் பாதுகாப்பு என்கிறார்கள் பெற்றோர். நியாயம்தான். பாதுகாப்புக்கு ஆள் நிற்கட்டும், தீர்ப்புக்கு எதற்கு?

பெரியவர்கள் உலகமோ இதே ஆட்டத்திடம் ஓடி வந்திருக்கிறது. 2005இல் ஜப்பானில் ஒரு நிறுவனத்தின் ஓவியங்களை ஏலம் விடுவது யார் என்று இரண்டு பெரிய ஏல நிறுவனங்களுக்குப் போட்டி. சுமார் 2 கோடி டாலர் சமாச்சாரம். கல், காகிதம், கத்தரியில் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார் நிறுவனத் தலைவர். ஒரு தரப்பு அதிகாரி, 11 வயதான தன் இரட்டை மகள்களைக் கேட்டார். கல்லை எல்லோரும் எதிர்பார்ப்பார்கள், கத்தரியே காட்டுங்கள் என்றார்கள் பிள்ளைகள். எதிர்த்தரப்பு காட்டியது காகிதம்! அடுத்த ஆண்டே அமெரிக்காவில் ஒரு நீதிபதி, எதற்கெடுத்தாலும் மோதிக்கொண்ட இரு தரப்பு வழக்கறிஞர்களை இதே ஆட்டம் ஆடி முடிவெடுக்கச் சொல்லி உத்தரவிட்டார். இவர்கள் எல்லோரும் சின்ன வயதில் தெருவில் கற்ற பாடத்தை நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

அப்பாக்களே, அம்மாக்களே, இந்த விடுமுறையில் ஒன்று செய்யுங்கள். மேலே சொன்ன ஆட்டங்களில் இரண்டைச் சொல்லிக் கொடுங்கள். கூடவே ஒரு முறை ஆடித் தோற்றுக் காட்டுங்கள். பிறகு எழுந்து போய்விடுங்கள். "அம்மா, இவன் கள்ளாட்டை ஆடுறான்" என்று ஓடி வந்தால் ஒரே பதில் போதும்: "நீங்களே பேசித் தீத்துக்கங்க!"