ஒரு பல்லுக்கு எட்டு மாதம்

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். என் அம்மாவுக்குப் பல் போனபோது சொல் போகவில்லை; ரயில் டிக்கெட்தான் போயிற்று.

எங்கள் குடும்பத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. அப்பா காலமான பிறகு, அம்மா ஒவ்வொரு வருடமும் மாசி மாதம் டெல்லிக்கு என்னிடம் வருவாள். ஆடி பிறப்பதற்குள் சென்னையில் தம்பி வீட்டுக்குப் போய்விடுவாள். டெல்லி வெயில் அவளுக்கு ஒரு பொருட்டில்லை, தஞ்சாவூர்ப் பக்கத்து வெயிலில் வளர்ந்தவள். குளிர்தான் ஆகாது. வெளியூரில் வாழும் நம்மில் பலர் வீட்டில் இதே கதைதான். பெற்றோரை ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே என்று பங்கு போட்டுக்கொண்டு காலம் தள்ளுகிறோம்.

மார்ச் முதல் வாரத்தில் ஒருநாள், பொரிகடலையைக் கடித்தபோது அம்மாவின் இடது கீழ்க் கடைவாய்ப்பல் இரண்டாகப் பிளந்தது. எங்கள் பேட்டையில் உள்ள பஞ்சாபி டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "வேர் வரைக்கும் விரிசல். எடுத்துவிட வேண்டியதுதான்" என்றார். எடுத்தாயிற்று.

அடுத்த கேள்வி, அந்த இடத்தில் என்ன வைப்பது? வலது பக்கத்தில் அம்மாவுக்கு ஏற்கெனவே இரண்டு பற்கள் இல்லை. அதற்காகச் செய்த கழற்றி மாட்டும் பல் செட், எவர்சில்வர் டப்பாவில் தூங்குகிறது. இதுநாள்வரை மென்றதெல்லாம் இடது பக்கம்தான். இப்போது அதுவும் போயிற்று. பக்கத்துப் பற்களைச் சீவி 'பிரிட்ஜ்' கட்டலாம் என்றால், பின்னால் இருந்த பல் பலவீனமாக இருந்தது. அதனால் டாக்டரம்மா சொன்ன யோசனை 'இம்ப்ளாண்ட்'. தாடை எலும்பில் ஒரு சிறு டைட்டானியம் திருகைப் பதித்து, அதன்மேல் பல் கட்டுவது.

அம்மா தனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டாள்: "கித்னே தின்?"

டாக்டரம்மா சிரித்தார். "தின் நஹீன் மாதாஜி, மஹீனே!" நாட்கள் அல்ல, மாதங்கள்.

தம்பியோடு தகராறு

அன்று இரவே தம்பி சென்னையிலிருந்து போன் செய்தான். "அண்ணா, ஒரு பல்லுக்கு எட்டு மாதமா? இங்கே மூன்றே நாளில் பல் என்று போர்டு போட்டிருக்கிறார்கள். அம்மாவை அனுப்பி வை" என்றான். அவன் குரலில், அம்மாவை நான் பிடித்து வைத்துக்கொள்கிறேனோ என்ற சந்தேகமும் லேசாகத் தெரிந்தது. அம்மாவோ, "எனக்கு எதுக்குடா இனிமே பல்லு? அறுபத்தெட்டு வயசாச்சு. கரைச்ச மோரும் குழைஞ்ச சாதமும் போதும்" என்று ஒதுங்கிக்கொண்டாள்.

அந்தக் குழைந்த சாதம்தான் எங்களை விழிக்க வைத்தது. அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி உண்டு. மெல்ல முடியாததால் காய்கறி, சுண்டல், சப்பாத்தி எல்லாம் நின்றுபோய், மூன்று வேளையும் குழைந்த சாதமும் காபியில் நனைத்த ரஸ்கும் ஆயிற்று. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் 'எச்பி ஏ1சி' பரிசோதனையில் 9.1 வந்தது. பல் என்பது அழகுக்கு மட்டும் அல்ல, ஆகாரத்துக்கு. ஆகாரம் சரியில்லை என்றால் வியாதிக்கு என்பது அன்றுதான் எங்களுக்கு உறைத்தது.

ஏன் இத்தனை மாதம்?

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். அதை நம் வாசகர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

திருகைப் பதிக்கும் வேலை பெரிய வேலை அல்ல. ஒரு திருகுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து பதித்துவிடுவார்கள். காலம் பிடிப்பது, அந்த உலோகத்தை எலும்பு தன்னோடு சேர்த்துக்கொள்வதற்குத்தான்.

இதைக் கண்டுபிடித்ததே ஒரு தற்செயல். 1952-ல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் பெர் இங்வார் பிரோனெமார்க், முயலின் கால் எலும்பில் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக டைட்டானியத்தால் ஆன சிறு கருவி ஒன்றைப் பதித்தார். ஆராய்ச்சி முடிந்து அதை எடுக்கப் போனால் வரவில்லை. எலும்பு அதை இறுகப் பற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பிடிப்பைப் பயன்படுத்தி 1965-ல் யோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முதலாகப் பல் திருகுகளைப் பதித்தார். 2006-ல் அவர் இறக்கும்வரை, அதாவது நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அவை அவருக்கு உழைத்தன.

பிரோனெமார்க் வகுத்த முறையில் கீழ்த் தாடைக்கு 3 முதல் 4 மாதமும், மேல் தாடைக்கு 5 முதல் 6 மாதமும் காத்திருந்து பிறகே பல் கட்டினார்கள். மேல் தாடையின் பின்பகுதி எலும்பு மிருதுவானது என்பதால் அதற்கு அவகாசம் அதிகம். இப்போது வரும் திருகுகளின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கியிருப்பதால் எலும்பு சீக்கிரம் பற்றுகிறது. நல்ல எலும்பாக இருந்தால் 6 முதல் 8 வாரத்திலேயே பல் கட்டும் டாக்டர்களும் உண்டு. 2 முதல் 3 மாதம் என்பது சாதாரணக் கணக்கு.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: பதித்த அன்று திருகு உறுதியாக இருப்பது, மரத்தில் ஆணி நிற்பது போன்ற பிடிப்பால்தான். பிறகு சுற்றியுள்ள பழைய எலும்பு கொஞ்சம் கரையும். புது எலும்பு வளரும். மூன்றாவது, நான்காவது வாரத்தில் பழைய பிடிப்பும் குறைந்து, புதுப் பிடிப்பும் முழுதாக வராத ஓர் இடைக்காலம் உண்டு. வலி இல்லையே என்று அப்போது அந்தப் பக்கம் கடித்தால் திருகு ஆடிப்போகும்.

இதை நான் தமிழில் சொன்னதும் அம்மா சட்டென்று புரிந்துகொண்டாள். "நாத்து நட்டா முதல்ல பழுத்து வாடும், அப்புறம்தான் பச்சை பிடிக்கும். அதுக்குள்ள வயல்ல மாட்டை விடுவாங்களா?" என்றாள். அதற்குப் பிறகு அவளுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு?

பல்லை எடுத்த அன்றே திருகு பதிப்பதும் உண்டு. சீழ் இல்லாமலும், எலும்புச் சுவர் உடையாமலும் இருந்தால் அது முடியும். இல்லையென்றால் ஈறு ஆற 4 முதல் 8 வாரம் விடுவார்கள். எலும்பும் ஓரளவு நிரம்ப வேண்டுமென்றால் 3 முதல் 4 மாதம் ஆகும்.

அதற்காக வருடக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது. பல் போன இடத்தில் எலும்பு தேய்ந்துகொண்டே வரும். முதல் ஒரு வருடத்திலேயே அகலத்தில் ஏறக்குறைய பாதி குறைந்துவிடக்கூடும். அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில். தேய்ந்த இடத்தில் எலும்புத் தூள் வைத்து வளர்க்க வேண்டி வந்தால், அதற்குத் தனியாக 4 முதல் 9 மாதம். மேல் கடைவாயில் சைனஸ் அறையின் அடித்தளத்தை உயர்த்த வேண்டி வந்தாலும் இதே கணக்குத்தான். "அடுத்த லீவில் பார்க்கலாம்" என்று நாம் தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் சிகிச்சையை நீட்டுகிறது.

திருகு பிடித்த பின், ஈறு வடிவாக ஆறுவதற்கு ஒரு மூடி போட்டு 2 முதல் 4 வாரம். சிலருக்குப் பதிக்கும் அன்றே இந்த மூடியைப் போட்டுவிடுவதால் இந்தக் காலம் மிச்சம். பிறகு அளவெடுத்து, லேபில் பல் செய்து வர 1 முதல் 3 வாரம்.

ஆக, எல்லாம் சாதகமாக இருந்தால் 3 முதல் 4 மாதம். எலும்பு வளர்க்க வேண்டி வந்தால் 9 மாதம் முதல் ஒரு வருடம்.

அப்படியானால் தம்பி சொன்ன 'மூன்று நாள் பல்'? அது முழுப் பொய் அல்ல. எலும்பு கெட்டியாக இருந்து, திருகும் நன்றாக இறுகியிருந்தால், உடனே தற்காலிகப் பல் வைக்கலாம். பெரும்பாலும் முன்பற்களுக்கும், ஒரு தாடை முழுக்கப் பல் இல்லாதவர்களுக்கும் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் மூன்று நாளில் கிடைப்பது பல்தான்; எலும்பின் பிடிப்பு அல்ல. அது தன் வேளையில்தான் வரும். சர்க்கரை 9.1 உள்ள, கடைவாயால் அரைக்க வேண்டிய என் அம்மாவுக்கு அது ஏற்றதல்ல என்று டாக்டரம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

ரயில் அட்டவணையும் பல் அட்டவணையும்

எங்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. ஆவணியில் சென்னையில் தம்பி பெண்ணுக்குக் கல்யாணம். பாட்டி இல்லாமல் கல்யாணமா? இங்கே திருகு பதித்து, மீதியைச் சென்னையில் முடித்தால் என்ன என்று கேட்டேன்.

டாக்டரம்மா ஒரு கதை சொன்னார். வேறு ஊரில் திருகு பதித்துக்கொண்ட ஒருவர், மாற்றலாகி வந்த இடத்தில் பல் கட்ட இவரிடம் வந்தாராம். எந்தக் கம்பெனி, என்ன அளவு என்று எந்தச் சீட்டும் கையில் இல்லை. ஒவ்வொரு கம்பெனித் திருகுக்கும் உள்மரை வேறு, சாவி வேறு. பதித்தவரைத் தேடிப் பிடிக்கவே ஒரு மாதம் போயிற்றாம்.

பிறகு அவரே வழியும் சொன்னார். "உங்களுக்கு எட்டு மாதமும் இங்கே வேலை இல்லை. திருகு பதிக்கும்போது இரண்டு வாரம் இருக்க வேண்டும். பிறகு மூன்று மாதம் எலும்பு தானே வேலை செய்யும். அப்போது எந்த ஊரில் இருந்தால் என்ன? கடைசியில் நாலைந்து வாரம் இங்கே வந்தால் போதும்."

இது எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். காலண்டரை எடுத்து உட்கார்ந்தோம்.

மார்ச் முதல் ஜூன் வரை சர்க்கரையைக் குறைக்கும் காலம். என் மனைவி காய்கறியையும் கீரையையும் நைசாக நறுக்கி வேகவைத்தாள். ரஸ்க் டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போயிற்று. ஜூன் கடைசியில் ஏ1சி 7.4. ஸ்கேன் எடுத்து, எலும்பின் உயரத்தையும் கீழே ஓடும் நரம்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் பார்த்தார்கள். ஜூலை முதல் வாரம் திருகு பதித்தார்கள். முக்கால் மணி நேரம். பத்து நாளில் தையல் பிரித்தார்கள். ஆடி பிறந்து சில நாள் கழித்து அம்மா தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினாள்.

ஆவணிக் கல்யாணப் பந்தியில் டப்பாவிலிருந்த பழைய பல் செட்டை மாட்டிக்கொண்டு, வலது பக்கமாகவே மென்று சாப்பிட்டாள். முறுக்கை மட்டும் தொடவில்லை. அக்டோபர் முதல் வாரம் தம்பியே அம்மாவை அழைத்து வந்தான். ஸ்கேன் படத்தையும் திருகையும் டாக்டரம்மா காட்டியபோது, "அண்ணா, போன் பண்ணி நான் சண்டை போட்டது தப்பு" என்றான். மூடி போட்டார்கள், ஈறு ஆறியது, அளவெடுத்தார்கள். நவம்பர் முதல் வாரத்தில் புதுப்பல். கணக்குப் பார்த்தால் சரியாக எட்டு மாதம். குளிர் ஏறுவதற்குள் அம்மா சென்னை திரும்பிவிட்டாள்.

நீங்கள் தொடங்குவதற்கு முன்

லீவில் ஊருக்குப் போகும்போது செய்துகொள்ள நினைப்பவர்கள், அதை ஒரே பயணமாக நினைக்காமல், மூன்று நான்கு மாத இடைவெளியில் இரண்டு பயணங்களாகத் திட்டமிடுங்கள். முடிந்தவரை ஒரே டாக்டரிடம் தொடங்கி முடியுங்கள். திருகின் கம்பெனிப் பெயர், விட்டம், நீளம், லாட் எண் உள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு போலப் பத்திரப்படுத்துங்கள்.

எலும்புத் தேய்வுக்கு வாரம் ஒருமுறை மாத்திரையோ வருடம் ஒருமுறை ஊசியோ போட்டுக்கொள்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவற்றில் சில தாடை எலும்பு ஆறுவதைக் கெடுக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் அதைத் தாங்களாகவே நிறுத்த வேண்டாம்; இதய டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். சிகரெட், பான், ஜர்தா பழக்கம் உள்ளவர்கள், திருகு பிடிக்கும் காலத்திலாவது விடவேண்டும். அப்படியே முழுக்க விட்டுவிட்டால் இன்னும் நல்லது.

பல் கட்டியதோடு கடமை முடிந்ததாகவும் நினைக்கக் கூடாது. இந்தப் பல் சொத்தை ஆகாது. ஆனால் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் கெடலாம். இருவேளையும் துலக்கி, இடுக்கைச் சுத்தம் செய்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டிக்கொள்ள வேண்டும். ஒழுங்காகப் பேணினால் பத்தாண்டு கழித்தும் நூற்றில் தொண்ணூறுக்கு மேற்பட்டவை நிலைத்திருக்கின்றன.

போன வாரம் அம்மா சென்னையிலிருந்து போன் செய்தாள். நடுவில் நறுக், நறுக் என்று சத்தம் கேட்டது. "என்னம்மா சாப்பிடறே?" என்றேன்.

"வெள்ளரிக்காய்டா. பயப்படாதே, பொரிகடலை இல்லை" என்றாள்.