உங்களுக்குத் தெரியுமா? 21 கிராமே போதும்!
விக்டோரினாக்ஸின் 'கிளாசிக் எஸ்டி' மடக்குக்கத்தி 58 மி.மீ. நீளம், சுமார் 21 கிராம் எடை. லெதர்மேனின் குறடுள்ள பல்பயன் கருவியான 'வேவ் பிளஸ்' 241 கிராம். பதினொரு மடங்குக்கும் மேல். மலையேற்றப் பையில் இந்தக் கூடுதல் பாரம் பெரும்பாலும் குறடுக்காகத்தான். ஆனால் வழியில் அன்றாடம் வரும் வேலைகள் வேறு: கொப்புளத்துக்கு டேப் வெட்டுவது, பொட்டலம் பிரிப்பது, முள் எடுப்பது. இதற்கெல்லாம் கத்தரிக்கோலும் சாமணமும் போதும். இரண்டும் சின்னதிலேயே உண்டு. (டேப்பின் மூலைகளை வளைத்து வெட்டாவிட்டால் காலுறைக்குள் சுருண்டு உரிந்துவிடும், அதைக் கத்தி அலகால் வெட்டிப் பாருங்கள், கத்தரிக்கோலின் அருமை புரியும்!) அடுப்பு பழுதானால் குறடு வேண்டாமா என்பார்கள். பெட்ரோல் அடுப்பு சுமப்பவருக்கு அது நியாயமான கவலைதான். கேஸ் அடுப்பில் கழற்றிச் சரிசெய்ய அதிகம் இல்லை. கூடாரக் கம்பி முறிந்தாலோ, அதன்மேல் மாட்டும் சிறு அலுமினியக் குழாயும் கொஞ்சம் டேப்பும் இருந்தால் சமாளித்துவிடலாம்.