மாத்திரை வந்தது, மனம் வந்ததா?

இரத்த அழுத்தத்திற்கான மாத்திரையை ஒருவர் உட்கொள்ளாமல் விட்டுவிட்டால் நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? 'அலட்சியம்' என்கிறோம், 'பிடிவாதம்' என்று கடிந்துகொள்கிறோம். வேறொரு காரணமும் இருக்கக்கூடும் என எண்ணிப் பார்ப்பதில்லை. அதுதான் மனச்சோர்வு.

ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் இடையே அமைந்துள்ள சேக்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகாலை மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுவோர், தொழிற்சாலைகளில் உழைப்போர், பணி ஓய்வு பெற்றோர் எனப் பலரும் வாழும் புறநகர்ப் பகுதி அது. இத்தகைய ஊர்களுக்கும் சேர்த்தே, 2021 ஆகஸ்டு 5 அன்று தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. சுகாதாரத் தன்னார்வலர்கள் இல்லம் தேடி வந்து இரத்த அழுத்தத்தை அளந்து, மாத்திரையும் வழங்கும் ஏற்பாடு அது. மாத்திரை வாசலுக்கே வருகிறது. அதை எடுத்து விழுங்கும் மனத்திற்கு என்ன செய்வது?

மனம் சோர்ந்தவர் மருந்தை மறக்கிறார், நடைப்பயிற்சியைக் கைவிடுகிறார், உறக்கம் கெடுகிறது. சிலர் புகைப்பதில் ஆறுதல் தேடுகின்றனர். இரத்த அழுத்தமோ வெளியே தெரியாமல் ஏறுகிறது. அதன் பின்னே பக்கவாதமும் மாரடைப்பும் சிறுநீரகப் பழுதும் காத்திருக்கின்றன. 'இனி ஆயுள் முழுவதும் மாத்திரைதானா?' என்ற ஏக்கமே சிலரைச் சோர்வில் தள்ளிவிடுவதும் உண்டு.

இத்தொடர்பு இன்று கண்ட புதுமையன்று. கி.பி. 934 இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் இணைத்தே ஓர் அரபு நூல் இயற்றினார். உடல் நோயுற்றால் உள்ளமும், உள்ளம் நோயுற்றால் உடலும் துன்புறும் என அதில் விளக்கினார். காரணம் தெரிந்த துயரத்தையும், காரணம் விளங்காமல் வந்து கவியும் துயரத்தையும் வேறுபடுத்திக் காட்டினார். அப்படியிருக்க, சோர்ந்தவரைப் பார்த்து 'ஈமான் குறைவு' என்பது எவ்வளவு பெரிய அநீதி! மகன் யூஸுஃப் (அலை) அவர்களைப் பிரிந்த துயரில் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் ஒளியிழந்ததை நாம் அறியாதவர்களா? தொழுகையும் துஆவும் நெஞ்சுக்கு ஆறுதல் தரும். அவற்றுடன் மருத்துவமும் வேண்டும்.

சோர்வை அறிந்துகொள்ள இரு கேள்விகள் உதவும். கடந்த 2 வாரங்களில் மனம் அடிக்கடி வாடி, நம்பிக்கையிழந்து காணப்படுகிறதா? முன்பு விரும்பிச் செய்தவற்றில் நாட்டம் குறைந்துவிட்டதா? ஒன்றுக்கேனும் 'ஆம்' என்பது விடையானால் மருத்துவரிடம் தெரிவியுங்கள். நம் பெண்களில் பலர் 'மனம் சரியில்லை' என்று சொல்வதில்லை. 'தலை கனக்கிறது, உடம்பு அசதியாக இருக்கிறது' என்பார்கள். ஆண்கள் சிலரிடம் அதுவே சிடுசிடுப்பாக வெளிப்படும்.

மனநல மருத்துவரிடம் செல்லும்போது இரத்த அழுத்த மாத்திரைச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். மனச்சோர்வு மருந்துகளுள் சில அழுத்தத்தை உயர்த்தக்கூடும். அவர் அதற்கேற்பத் தேர்ந்தளிப்பார். அம்மருந்துகள் பலன்தரச் சில வாரங்கள் ஆகும், பொறுமை தேவை. இரு மருந்துகளில் எதையும் தாமாக நிறுத்தக் கூடாது. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். ஊறுகாய், கருவாடு, அப்பளத்தில் உள்ள உப்பும் இக்கணக்கில் சேரும்.

கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை உள்ளது. வெளியில் செல்லத் தயங்குவோர், 2022 அக்டோபர் 10 இல் தொடங்கப்பட்ட 'டெலி மனஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். 'வாழ்ந்தது போதும்' என்று எவரேனும் சொன்னால் அதை வெறும் பேச்சாகக் கொள்ளாதீர்கள்; அவரைத் தனியே விடாமல், உடனே மருத்துவ உதவியை நாடுங்கள்.

'அத்தா, மாத்திரை போட்டீர்களா?' என்று நாள்தோறும் கேட்கும் பிள்ளைகளே! அருகில் சற்று அமர்ந்து, 'மனதுக்கு எப்படி இருக்கிறது, அத்தா?' என்றும் கேளுங்கள். அவர் பதில் சொல்லும்வரை எழுந்துவிடாதீர்கள்.