ஆய்வேட்டின் பின்னிணைப்பும் எழுத்துச் செயலிகளும்



நம் கல்வி உதவித்தொகையில் எம்.ஏ. படிக்கும் மாணவி ஒருவரின் ஆய்வேடு சென்ற பருவத்தில் திரும்பி வந்தது. காரணம் இரண்டு. பீடி சுற்றும் பெண்களிடம் எடுத்த பேட்டிகளை, பெயர், கைபேசி எண்ணோடு அப்படியே பின்னிணைப்பில் சேர்த்திருந்தார். செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதித் தந்த நூற்பட்டியலில் இரண்டு நூல்கள் உலகத்திலேயே இல்லாதவை. பிள்ளையின் உழைப்பில் குறையில்லை, சொல்லித்தர ஆளில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

பின்னிணைப்பு

கட்டுரைக்குள் வைத்தால் வாசிப்பைத் தடுக்கும், ஆனால் சரிபார்ப்பதற்குத் தேவைப்படும் ஆதாரங்களுக்கான இடம் இது. கேள்வித்தாள், ஒப்புதல் படிவம், நீண்ட அட்டவணைகள் இங்கே வரும். முக்கிய முடிவுகள் கட்டுரைக்குள்தான் இருக்க வேண்டும். ஏபிஏ முறையில் பின்னிணைப்பு நூற்பட்டியலுக்குப் பின் வரும். ஒவ்வொன்றும் புதிய பக்கத்தில், தலைப்போடு தொடங்கும். ஒவ்வொன்றையும் கட்டுரைக்குள் ஓரிடத்திலாவது சுட்ட வேண்டும். பேட்டி தந்தவர்களின் பெயரை நீக்கி ‘பங்கேற்பாளர் 1, 2’ என்று எழுதுங்கள். அவர்கள் நம்பிச் சொன்ன சொல் நம்மிடம் உள்ள அமானிதம்.

எழுத்துச் செயலிகள்

1. நூற்பட்டியலுக்கு ஜோட்டெரோ நல்லது, இலவசம். நீங்கள் சேர்த்த நூல்களை மட்டுமே அது வரிசைப்படுத்தும். சேர்த்த விவரங்களை ஒருமுறை சரிபாருங்கள்.

2. ஆங்கிலப் பிழை திருத்த கிராமர்லி போன்றவை உதவும். ஒவ்வொரு திருத்தத்தையும் படித்த பிறகே ஏற்க வேண்டும். இல்லையேல் பொருளே மாறிவிடலாம்.

3. சாட்ஜிபிடி போன்றவை இல்லாத நூலையும் இருப்பதுபோல் சொல்லிவிடும். அது தந்த, இல்லாத தீர்ப்புகளைச் சரிபார்க்காமல் நீதிமன்றத்தில் கொடுத்த நியூயார்க் வழக்கறிஞர்களுக்கு 2023இல் 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. நூலைக் கண்ணால் பார்க்காமல் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

4. பெயர் நீக்காத பேட்டிகளை எந்தச் செயலியிலும் ஏற்ற வேண்டாம்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் நடவடிக்கை உண்டு. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். எந்தச் செயலிக்கு அனுமதி உண்டு என்று வழிகாட்டி ஆசிரியரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அந்த மாணவி பெயர்களை நீக்கி, பட்டியலைத் தானே சரிசெய்து மீண்டும் சமர்ப்பித்துவிட்டார். மற்றப் பிள்ளைகள் சமர்ப்பிக்கும் முன்பே பிரதியோடு நம் அலுவலகத்துக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.